எண் இல்லாத ஐந்தாவது படம்

எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய கடிகாரம் ஒன்றுகூடக் கிடையாது. நீங்கள் சோதனைக்கு வந்தபோது கூடத்துச் சுவரில் சுழன்றுகொண்டிருந்ததைப் பார்த்து உங்கள் காவலர் ஒருவர் இரண்டடி பின்வாங்கினார். பயப்பட ஒன்றுமில்லை ஐயா, அது பழைய மேசை விசிறியின் ஒற்றை இறக்கை. அதன் ஓரத்தில் பதினாறு சின்ன விளக்குகளை வரிசையாகச் சாலிடர் செய்திருக்கிறேன். இறக்கை சுற்றும்போது ஒவ்வொரு விளக்கும் சரியான இடத்தில் எரிந்து அணைந்தால், அந்தரத்தில் மணி எழுதியிருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். விசிறியை நிறுத்தினால் அங்கே எதுவும் இருக்காது. சமையலறையில் ஓடுவது, இதயத்துடிப்பு காட்டும் பழைய ஆஸ்பத்திரி மானிட்டர். காயலான் கடையில் கிடந்ததை எடுத்துவந்து அதில் மணி காட்ட வைத்தேன். வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா, "எங்க வீட்டு நேரத்துக்கு இன்னும் உயிர் இருக்கு பாருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். நீங்கள் கொடுத்த பேனா கொஞ்சம் கசிகிறது, அதனால் புரியாத இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு மறைத்துப் பழக்கமில்லை. மறைத்திருந்தால் உங்களால் என்னைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது என்பதையும் நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்ப்பது என் வேலை. அக்காவுக்கு நாற்பத்தொன்பது. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினேழு. அப்பா இருந்தும் இல்லாதவர். அக்கா படிப்பை விட்டுவிட்டுச் சாயப்பட்டறையில் சேர்ந்தாள். என்னைக் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் விழித்திருந்து வளர்த்தது அவள்தான். இதை எல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று, அக்காவைக் கட்டிக்கொள்ள இருந்த நூல்காரர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் எதையும் மறக்கவில்லை.

பட்டறையில் அக்காவின் வேலை நிறம் பார்ப்பது. வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் கொண்டுவந்து, இதே நிறத்தில் ஆயிரம் மீட்டர் வேண்டும் என்பார். அக்கா அந்தத் துண்டை வடக்கு ஜன்னலருகே பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தச் சாயம் எத்தனை பங்கு என்று சொல்லுவாள். ஒரு சின்னத் துணியை நனைத்துக் காயவைத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பாள். "சிவப்பு ஒரு பொட்டு தூக்கலா இருக்கு, மஞ்சளைக் கொஞ்சம் ஏத்து" என்பாள். மறுபடி நனைத்தால் கச்சிதமாக இருக்கும். அளப்பதற்கென்று பட்டறை முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவி, துணி போர்த்தி மூலையில் கிடக்கிறது. அந்தக் கருவியைவிடத் துல்லியமானவள் என்பதால் பட்டறையில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர்.

சாயங்காலம் ஆனால் வடக்கு ஜன்னலில் வெளிச்சம் போய்விடும். மீதி வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் நான் அவளுக்கு ஒரு பெட்டி செய்துகொடுத்தேன். டிவி அளவு மரப்பெட்டி, உள்ளே சாம்பல் நிறப் பூச்சு, மேலே நடுப்பகல் வெளிச்சத்துக்கு இணையான வெள்ளை விளக்குகள். தேடித் தேடி வாங்கிய விளக்குகள். அக்கா அதற்குப் பகல்பெட்டி என்று பெயர் வைத்தாள். ஒரு வருடம் அந்தப் பெட்டியில் பார்த்து அவள் சொன்ன ஒரு நிறம்கூடத் தப்பவில்லை. அந்த வருடத்தை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நூல்காரர் வந்தார். பட்டறைக்குத் தையல்நூல் கொடுப்பவர். மனைவி இறந்து ஏழு வருடமாகத் தனி ஆள். துணி நிறத்துக்கு நூல் நிறம் பொருந்துகிறதா என்று அக்காவிடம் காட்ட வருவார். பட்டறையில் காட்டியவர் வீட்டுக்கு வந்து காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் இல்லாமலே வர ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான். வந்தால் செருப்பைச் சுவரோரமாக நேராக்கி வைப்பார், டீயில் ரொட்டியை முக்கும்போது கீழே சிந்தாமல் இன்னொரு கையை ஏந்திக்கொள்வார். என் விசிறிக் கடிகாரத்தைப் பார்த்து, "இதுல எப்படி அலாரம் வைப்பீங்க?" என்று கேட்டார்.

ஒருநாள் அக்கா என் வேலைமேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒரு விஷயம். அவர் என்னைக் கேட்டிருக்கார்."

"எதை? கலர் ஃபார்முலாவையா?"

"போடா." நாற்பத்தொன்பது வயதில் அவளுக்கு வெட்கம் வந்தது. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "அவர் ஊர்ல சொந்தமா ஒரு சாயப்பட்டறை போடப் போறாராம். நான்தான் பாத்துக்கணுமாம். கல்யாணம் சும்மா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல வச்சுக்கலாங்கிறார்."

"அவர் ஊர் அஞ்சு மணி நேரம்."

"நீயும் வந்துடேன். மாடியில தனி ரூம் இருக்காம். உன் தட்டுமுட்டுச் சாமான் எல்லாத்தையும் வச்சுக்கலாம்னு அவரே சொன்னார்."

தட்டுமுட்டுச் சாமான் என்றாள். அவள் மனசில் ஒன்றுமில்லை, வாய்க்கு வந்த வார்த்தை. நான் சந்தோஷம் என்றுதான் சொன்னேன். சொல்லும்போது உண்மையாகவே சந்தோஷப்பட முயற்சி செய்தேன். முடியவில்லை. இன்னொருவர் வீட்டு மாடியில் ஒட்டுக்குடித்தனம் இருக்க நான் என்ன வேண்டாத விருந்தாளியா? தேதி நான்கு மாதம் தள்ளிக் குறித்தார்கள்.

அடுத்து நடந்தது தற்செயல். இதை அடிக்கோடிட்டிருக்கிறேன். பகல்பெட்டியின் வெள்ளை விளக்குகள் சூடேறிக் கெட்டுப்போய்விட்டன. புதிது வர ஒரு வாரம் ஆகும் என்பதால், கையிலிருந்த சிவப்பு, பச்சை, நீல விளக்குகளை மாட்டி மூன்றையும் கலந்து வெள்ளையாக்கினேன். கண்ணுக்கு அது வெள்ளைதான். வெள்ளைத்தாளை வைத்தால் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் சாயத்துக்கு அது போதாது. பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் இருக்கிறது, இதில் மூன்று மட்டும்தான். அதனால் பெட்டிக்குள் ஒன்றாகத் தெரியும் இரண்டு துணிகள் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். அக்கா அன்று ஒரு அரக்கு நிறத்தைப் பொருத்தினாள். மறுநாள் ஆயிரத்து இருநூறு மீட்டர் துணி திரும்பி வந்தது.

நான் உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அக்கா சொன்னாள்: "என் கண்ணுதான்டா ஏமாத்திடுச்சு. வயசாகுதில்ல."

"பெட்டியில ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்றேன்.

"சேச்சே. நீ பண்ணினது தப்பாகுமா?"

முப்பத்திரண்டு வருடம் ஊரையே ஜெயித்த கண்ணை அவள் ஒரே நொடியில் சந்தேகப்பட்டாள், நான் மூன்று நாளில் ஒட்டிய பெட்டியைச் சந்தேகப்படவில்லை. என்மேல் யாரும் அப்படி நம்பிக்கை வைத்ததில்லை ஐயா. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. புதிய வெள்ளை விளக்குகள் வந்தன. அவற்றையும் மாட்டினேன், மூன்று நிற விளக்குகளையும் விட்டுவைத்தேன். எது எரிய வேண்டும் என்பதை என் ஃபோனிலிருந்து மாற்றிக்கொள்ளும்படி ஒரு சின்ன சர்க்யூட் சேர்த்தேன். பத்து நாளைக்கு ஒருமுறைக்கு மேல் நான் மாற்றியதில்லை. அளவு மீறினால் எதுவும் கெட்டுவிடும்.

இரண்டு மாதத்தில் நான்கு முறை துணி திரும்பி வந்தது. முதலாளி பழகிய மனிதர், கத்தவில்லை. மூலையில் கிடந்த கருவியின் போர்வையை எடுத்துத் தூசி தட்டினார், அவ்வளவுதான். அக்கா அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு பிசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கண் ஆஸ்பத்திரிக்குப் போலாமா தம்பி?"

"போகலாம். ஆனா நிறம் பாக்கறவ கண்ணைக் காட்டப் போனான்னு தெரிஞ்சாலே பட்டறையில வேற மாதிரி பேசுவாங்க. அங்க இருக்கிற டெஸ்டை நானே வீட்டுல பண்ணித் தர்றேன்."

கண் மருத்துவர்கள் ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். பக்கம் முழுக்கப் புள்ளிகள் நிறைந்த வட்டம், அந்தப் புள்ளிகளுக்குள் வேறு நிறத்தில் ஓர் எண் ஒளிந்திருக்கும். கண் சரியாக இருந்தால் எண் தெரியும். அதைத்தான் விளக்குப் பலகையில் செய்தேன். அறுபத்துநான்குக்கு அறுபத்துநான்கு புள்ளிகள், கீழே பதில் காட்ட ஒரு சின்னத் திரை. நான் செய்தவற்றிலேயே அழகானது அதுதான். உங்கள் தொழில்நுட்ப அதிகாரி அதைக் கழற்றும்போது பின்பக்கத்து ஒயர்களைக் கொஞ்சம் பார்த்துக் கழற்றச் சொல்லுங்கள்.

முதல் நாள் எல்லாப் படங்களிலும் எண் இருந்தது. அக்கா எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள், அவளுக்கு முகம் தெளிந்தது. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாவது படத்தில் எண் இல்லை. வெறும் புள்ளிகள்.

"இதுல எனக்கு எதுவும் தெரியலையே."

"நிதானமாப் பாருக்கா. அவசரமே இல்ல."

அவள் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள், எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். மூன்று நிமிடம் பதினைந்து நொடி. கீழே சின்னத் திரையில் பதில் வந்தது: ஏழு. "ஏழா?" என்றாள். புள்ளிகள்மேல் விரலை வைத்து ஏழு போட்டுப் பார்த்தாள். "ஆமாடா, இப்ப லேசாத் தெரியற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

எல்லாவற்றையும் தப்பாகக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். நான்கு சரி, ஒன்று தவறு. பிறகு மூன்று சரி, இரண்டு தவறு. ஆறாவது வாரத்தில் பலகை முழுக்க ஒரே நிறத்தை எரியவிட்டு, என்ன நிறம் என்று கேட்கவைத்தேன். அக்கா "சிவப்பு" என்பாள். சின்னத் திரையில் "தவறு, பச்சை" என்று வரும். அக்கா "பச்சை" என்பாள். "தவறு, சிவப்பு" என்று வரும். நான் வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பலகைதான் சொன்னது.

ஒருநாள் அவள் கொல்லைச் செடியிலிருந்து ஒரு இலையைப் பறித்துக்கொண்டு வந்து நீட்டினாள். "இது எனக்குப் பச்சையாத்தானடா தெரியுது?"

"இலைன்னு உனக்குத் தெரியும்கா. தெரிஞ்ச பொருளுக்கு மூளையே நிறம் பூசிடும். வெறும் வெளிச்சத்துலதான் கண்ணோட லட்சணம் தெரியும்."

அவள் அந்த இலையை உடனே கீழே போடவில்லை. சாயங்காலம்வரை கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என்னைக் கெட்டவன் என்று நினைப்பீர்கள். எனக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரியாது. இரண்டும் எனக்கு ஒரே மண் நிறம். விளக்குகளுக்கு நிறம் கொடுப்பதெல்லாம் எண்களை வைத்துத்தான், கண்ணை வைத்து அல்ல. இது அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. ரெசிஸ்டர் என்று ஒரு சாமான் உண்டு, அரிசி அளவுதான் இருக்கும். அதன்மேல் போட்டிருக்கும் வண்ணக் கோடுகளைப் பார்த்துத்தான் அதன் அளவைச் சொல்ல முடியும். பன்னிரண்டு வயதில் நான் முதன்முதலாகச் செய்த ரேடியோ, கோடுகளை மாற்றிப் படித்ததால் புகைந்து போனது. அழுதேன். அக்கா ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, என்னிடமிருந்த அறுநூறு ரெசிஸ்டர்களையும் நிறம் பார்த்துப் பிரித்து, தீப்பெட்டிகளில் போட்டு, மேலே எண் எழுதிக்கொடுத்தாள். அன்று முதல் இன்றுவரை புதிதாக வாங்கும் எல்லாவற்றையும் அவள்தான் பிரித்துத் தருகிறாள். "வெளிய சொல்லிடாதே, உனக்கு வேலை கிடைக்காது" என்றாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. சாலையைக் கடக்கும்போது சிறுவயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பச்சை, வா" என்பாள். ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் போய்விட்டால் என் கதி என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அவளுக்கும் கொஞ்சம் புரியட்டும் என்று நினைத்தேன். அதில் என்ன அநியாயம் இருக்கிறது.

பலகை நன்றாக வந்துவிட்டதால் வழக்கம்போல அதை இணையத்தில் போட்டேன். எங்களைப்போல் வீட்டில் இருந்து இதெல்லாம் செய்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஓர் அரங்கம் இருக்கிறது. எதைச் செய்தாலும் படம், சர்க்யூட் வரைபடம், எழுதிய ப்ரோகிராம் எல்லாவற்றையும் அங்கே போட்டுவிடுவோம். அப்படிப் போடாதவனை யாரும் மதிக்க மாட்டார்கள். முந்நூறு பேர் பாராட்டினார்கள். மின்மினி என்ற புனைபெயரில் ஒருவர் மட்டும் ப்ரோகிராமை வரிவரியாகப் படித்துவிட்டு எழுதியிருந்தார்: ஐந்தாவது படத்தில் எண்ணை வரைகிற வரியே விட்டுப்போயிருக்கிறதே, கடைசிப் பகுதியில் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருக்கிறதே, நண்பரே இரண்டு பிழைகள்.

பேசாமல் நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இருபது வருடமாக அந்த அரங்கத்தில் இருக்கிறேன், ஒரு வரியை விட்டுவிடுகிறவன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. "பிழை இல்லை. இரண்டும் வேண்டுமென்றே எழுதியவை" என்று பதில் போட்டேன். நீங்கள் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிற தாள் அதுதான். என் கணினியைத் திறக்க உங்கள் ஆட்கள் இரண்டு நாள் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதே இல்லை.

அக்கா வேலையை விட்டாள். நான் விடச் சொல்லவில்லை. கடைசி நாளில் பட்டறையில் அவளுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, "இது என்ன கலர்டா?" என்று கேட்டாள். அது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை என்பதால் எனக்கும் தெரிந்தது. "நீலம்" என்றேன். "நல்லவேளை, எனக்கும் நீலமாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த மாதங்களில்தான் நாங்கள் மிகவும் ஒற்றுமையாக இருந்தோம். காய் வாங்க நான் கூடப் போவேன், புடவை எடுத்துவைப்பேன். சாலையைக் கடக்கும்போது அவள் கை தானாக என் சட்டையைப் பிடிக்கும்.

நூல்காரரிடம் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "கண்ணு போன மீட்டரை வச்சுக்கிட்டு நீங்க என்ன பட்டறை நடத்துவீங்க" என்றாளாம். அவர் விட்டுப்போகிறவர் இல்லை. "பட்டறை கிடக்குது, எனக்கு நீங்க வாங்க" என்றாராம். பலகையை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, தன் ஊரில் ஒரு கண் மருத்துவரிடம் காட்டியிருக்கிறார். எண் யாருக்கும் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். இந்தப் பலகையில் விளக்குகள் ஒரே நேரத்தில் எரியாது, வரிசை வரிசையாக மாறி மாறி எரியும், கேமராவில் பாதிதான் விழும் என்று விளக்கினேன். அதுவும் பொய் இல்லை, எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். அவர், "அப்ப நேர்லயே கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிடறேன் தம்பி. வியாழக்கிழமை காலையில வர்றேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினார். வீட்டுக்கு வந்தால் நான் ஏதாவது சொல்லி நிறுத்திவிடுவேன் என்று அக்காவை அங்கே வரச் சொல்லியிருந்தார். அக்காவும் எனக்குச் சொல்லாமல் போக நினைக்கவில்லை. வாசலில் நின்று, "ஒரு தடவை காட்டிட்டு வந்துடறேன்டா, அவர் மனசுக்காக" என்றாள். நான் வேலையிலிருந்து தலை தூக்கவில்லை. "கூட வரட்டுமா?" என்றும் கேட்கவில்லை.

அவள் ஃபோன் செய்தது பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. நாங்கள் பேசியது இருபத்திரண்டு நொடி. அந்தப் பேச்சில் என்ன இருந்தது என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள்.

பெரிய சாலைச் சந்திப்பில் நடப்பவர்களுக்கான விளக்கு ஒன்று இருக்கிறது. புதுவகை. மேலே ஒன்று கீழே ஒன்று என்று இருக்காது, ஒரே வட்டம்தான் சிவப்பாகவும் பச்சையாகவும் மாறும். எனக்கு அது எப்போதும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் மற்றவர்கள் நடந்தால்தான் நடப்பேன். அன்று அங்கே வேறு யாரும் இல்லை.

"தம்பி, சிக்னல்கிட்ட நிக்கிறேன். எனக்குச் சிவப்பாத் தெரியுது. போகலாமா?"

"உனக்குச் சிவப்பாத் தெரிஞ்சா அது என்னக்கா?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "பச்சை" என்றாள்.

"அப்புறம் என்ன?"

"வண்டியும் எதுவும் காணோம். சரி வச்சிடறேன்."

அந்த இடத்தில் சாலை வளைகிறது. வண்டி பக்கத்தில் வரும்வரை கண்ணில் படாது. அது எனக்குத் தெரியும், பல வருடமாக அந்தச் சாலையைக் கடக்கிறேன். அவளுக்குச் சிவப்பாகத் தெரிந்தால் அது சிவப்புதான் என்பதும் எனக்குத் தெரியும். இதைத்தானே கேட்டீர்கள். ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். வண்டி இடிக்க வேண்டும் என்று நினைத்தேனா என்றால், நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. அவள் பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அவளை இடித்த ரொட்டி வண்டியின் ஓட்டுநர் சிக்னல்படிதான் வந்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. இரண்டு நாளாக அவரைப் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறீர்கள், அவர் அழுவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. விட்டுவிடுங்கள். நான் நியாயம் தெரிந்தவன்.

அக்காவுக்கு இடுப்பெலும்பும் வலது காலும் முறிந்திருக்கின்றன. இனிமேல் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள் என்று டாக்டர் சொன்னார்.

நேற்று ஆஸ்பத்திரியில் நடந்தபோது நீங்களும் இருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று தோன்றுகிறது. நூல்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி, பலகை, ஐந்தாவது படம், மின்மினிக்கு நான் எழுதிய பதில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லி முடித்திருந்தார். நான் கதவருகே உங்கள் காவலருடன் நின்றேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண் மருத்துவர் உண்மையான புத்தகத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இதுல என்ன நம்பர்மா தெரியுது?"

"எழுபத்து நாலு."

"கரெக்ட். உங்க கண்ணு என் கண்ணைவிட நல்லாருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

நூல்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள்கூடச் சிரித்தீர்கள். அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என் கண் எப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தும், மெல்லத் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள்.

"தம்பி, நீ பாத்துச் சொல்லு. எழுபத்து நாலா?"

காவலர் என் தோளைப் பிடித்து இழுத்தார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். என் கண்ணுக்கு அந்தப் பக்கத்தில் இருபத்தொன்று என்றுதான் தெரிந்தது. என்னைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் தெரியும் என்று படித்திருக்கிறேன்.

"இருபத்தொண்ணுக்கா" என்றேன்.

மருத்துவர் ஏதோ சொன்னார், நூல்காரர் எழுந்து சத்தம் போட்டார். அக்கா அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். "தம்பி சொன்னா சரியா இருக்கும்" என்று மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இத்தனை பேர் சேர்ந்து எடுத்துச் சொல்லியும் அவள் யாரை நம்பினாள் என்று பார்த்தீர்கள் அல்லவா. அப்படி நம்புகிறவளை நான் யாரிடம் விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருப்பது? கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். நர்ஸ் அவளுக்கு இரண்டு வித மாத்திரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சிவப்பு காலையில் ஒன்று, பச்சை வலி தாங்கவில்லை என்றால் மட்டும், மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார், அதனால் எது எது என்று பார்த்துக் கொடுக்க நான்தான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும்.